பூட்டுத் திறக்கும் கருவிகளை வீட்டிலேயே செய்யும் முறை

பூட்டுத் திறப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் விலை கொடுத்து வாங்கும் கருவிகளில் பெரும்பாலானவை, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகட்டை வெட்டி மெருகேற்றியவையே ஆகும். அரமும் உப்புத்தாளும் பொறுமையும் உள்ள எவரும் அவற்றை ஓர் ஓய்வு நாளில் செய்துவிட முடியும். ஆனால் இவ்வகைக் கருவிக்குத் தமிழில் வழங்கிவரும் பெயர் கள்ளச்சாவி என்பதால், இரண்டு விதிகளை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உங்களுக்குச் சொந்தமான பூட்டை மட்டுமே தொட வேண்டும். சொந்தப் பூட்டே ஆனாலும் கதவிலோ பெட்டியிலோ பயன்பாட்டில் இருப்பதைத் தொடக் கூடாது. கருவியின் முனை உடைந்து உள்ளே சிக்கினால் அந்தப் பூட்டு சாவிக்கும் திறக்காமல் போகலாம் என்பதே இரண்டாம் விதிக்குக் காரணம். இத்தகைய கருவிகளை வைத்திருப்பதற்கே சில இடங்களில் சட்டக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தெரிந்துகொண்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

அமெரிக்கப் பூட்டு வடிவமைப்பாளர் லைனஸ் யேல் இளையவர் 1861ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தவைதாம் இன்று பரவலாக உள்ள ஊசிப் பூட்டுகள். சுழலும் உருளைக்கு மேலே வரிசையாகச் சில துளைகள் இருக்கும்; ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஊசிகளும், அவற்றை அழுத்தும் ஒரு சுருள்வில்லும் அமைந்திருக்கும். சரியான சாவி நுழையும்போது எல்லா இணைகளின் சந்திப்பும் உருளையின் விளிம்பு மட்டத்தில் வந்து நிற்பதால் உருளை சுழல்கிறது. துளைகள் இம்மியும் பிசகாத நேர்கோட்டில் அமைவதில்லை என்பதே சாவியில்லாமல் திறப்பதற்கு இடம் தருகிறது: உருளையை மெல்லத் திருகினால் ஏதேனும் ஓர் ஊசி மட்டும் முதலில் இறுகும், அதை உயர்த்தி மட்டத்தில் நிறுத்தினால் அடுத்தது இறுகும். ஆகவே நமக்கு வேண்டியவை இரண்டே கருவிகள்: திருகுவதற்கு ஒன்று, உயர்த்துவதற்கு ஒன்று. பத்துப் பன்னிரண்டு வடிவங்கள் அடங்கிய தொகுப்பைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. உயர்த்துவதற்கு, ஒழுங்காகச் செய்த ஒரு சிறு கொக்கியே தொடக்கக்காரருக்குப் போதும்.

காகிதக் கவ்வியும் கொண்டை ஊசியும் எளிதில் வளையக்கூடியவை. பூட்டின் ஊசியை உயர்த்தும்போதே அவை வளைந்துவிடக்கூடும். ஹாக்சா பிளேடு எளிதில் கிடைக்கும் என்றாலும், முழுவதும் கடினமாக்கப்பட்ட வகை அரத்துக்கு மசியாது. சாணைச் சக்கரம் இல்லாமல் அதை உருவாக்குவது வீண் உழைப்பு. அதை ஒடிக்கும்போது சில்லுகள் தெறிப்பதால் கண்ணுக்குக் கவசமும் கட்டாயம். இயந்திரப் பணியாளர்கள் இடைவெளி அளக்கப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜ் தகட்டையே நான் பரிந்துரைப்பேன். அது பதம் ஏற்றப்பட்ட, அதாவது சூட்டால் உறுதியாக்கப்பட்ட, வில் எஃகு. தடிமனும் தகட்டின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 0.5 அல்லது 0.6 மில்லிமீட்டர் தகட்டைத் தேர்ந்தெடுங்கள்.

கொக்கியின் வடிவத்தைத் தகட்டின் மேல் வரைவதற்கு முன்பு, நீங்கள் பழகப்போகும் பூட்டின் சாவித்துளையை அளந்துகொள்ளுங்கள். 1851ஆம் ஆண்டில் லண்டனில் அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், அறுபதாண்டுகளுக்கும் மேலாகச் சாவியின்றி எவராலும் திறக்க இயலாதிருந்த, ஜோசப் பிராமா வடிவமைத்த பூட்டைப் பதினாறு நாள்களில் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தபோதும், அந்தப் பூட்டுக்கென்றே அமைத்துக்கொண்ட கருவிகளையே பயன்படுத்தினார். கொக்கியின் கைப்பிடிக்கும் முனைக்கும் இடைப்பட்ட கழுத்துப் பகுதி இரண்டரை மில்லிமீட்டர் அகலமும் நான்கு சென்டிமீட்டர் நீளமும் கொண்டிருந்தால் பொதுவாகப் பொருந்தும். முனையில் கொக்கி ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே மேலெழ வேண்டும். அதைவிட உயர்ந்தால் முன்வரிசை ஊசிகளில் இடித்துக்கொண்டு பின்னால் போக மறுக்கும்.

தகட்டை வைஸ் என்னும் பிடிகருவியில் இறுக்கி, வரைந்த கோட்டுக்குச் சற்று வெளியே நிறுத்தி அராவத் தொடங்குங்கள். சாணையைப் பயன்படுத்துபவர்கள் ஓரிரு நொடிகளுக்கு ஒருமுறை தண்ணீரில் தோய்க்க வேண்டும். வெறுங்கையால் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடேறினால் உடனே நிறுத்துவது பாதுகாப்பான வழக்கம். சுழலும் சக்கரத்தருகே கையுறை அணிவது எப்படியும் ஆபத்து. எஃகின் மேல் வைக்கோல் நிறம் தோன்றினால் எச்சரிக்கை. ஏறத்தாழ 300 பாகை செல்சியஸில் தோன்றும் நீலம் படர்ந்துவிட்டால், அவ்விடத்தில் பதம் இறங்கி முனை எளிதில் வளையத் தொடங்கும் என்று கொள்ளலாம். அந்தப் பகுதியை அராவித் தள்ளிவிட்டு மறுபடியும் தொடங்குவதே நேர்மையான தீர்வு.

உருவத்தைவிட மெருகுதான் கருவியின் தரத்தை முடிவுசெய்கிறது என்பது என் துணிபு. என்னுடைய முதல் கொக்கி, கழுத்தும் முனையும் சேரும் மூலையில் முறிந்தது. அரத்தின் குறுக்குக் கீறல்களை நான் அப்படியே விட்டிருந்தேன். குறுக்கே ஓடும் ஒவ்வொரு கீறலும் வெடிப்புக்குத் தொடக்கம். ஆகவே அந்த உள்மூலையைச் செங்கோணமாக விடாமல் உருண்டையாக்கி, 220ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 400, 800, 1000 எனப் படிப்படியாக, எப்போதும் நீளவாக்கிலேயே தேய்த்து வாருங்கள். விளிம்புகளும் மழுங்க வேண்டும். கூரிய விளிம்பு ஊசியின் அடியில் மாட்டிக்கொண்டு, எது ஊசி, எது சுவர் என்ற தொடுவுணர்வைக் குழப்பிவிடும்.

திருகும் கருவிக்கு, கழற்றி வீசப்பட்ட வாகன வைப்பரின் ரப்பரோடு ஒட்டி ஓடும் இரண்டு துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகள் மிகப் பொருத்தமானவை. பத்து சென்டிமீட்டர் துண்டு வெட்டி, நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் கொறடாவால் மெதுவாகச் செங்கோணத்துக்கு வளையுங்கள். மடிப்பு கூர்மையாக இருந்தால் விரிசல் விடும். நுனி சாவித்துளையின் ஓரத்தில் ஆடாமல் பொருந்துவதோடு, கொக்கிக்கு வேண்டிய இடத்தையும் விட்டுவைக்க வேண்டும்.

முதல் சோதனைக்கு, பிரிக்கக்கூடிய ஒரு பழைய பூட்டை எடுத்து இரண்டு ஊசி இணைகளை மட்டும் உள்ளே விட்டு வையுங்கள். திருகு கருவியின் மேல் விரலின் எடையே போதும். கொக்கி வளைகிறதென்றால், எஃகைக் குறைசொல்வதற்கு முன் அந்த விரலைத் தளர்த்திப் பாருங்கள். கைப்பிடிக்குச் சூட்டில் சுருங்கும் குழாயைப் போர்த்தினால் உள்ளங்கையில் உறுத்தாது. ஃபீலர் கேஜ் தகடு எளிதில் துருப்பிடிக்கும் என்பதால், வேலை முடிந்ததும் எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து வையுங்கள்.