பிள்ளை பிரசங்கியாரின் பின்னால் போய்விட்டால்

தமிழில் பாப்பா என்றால் கைக்குழந்தை. என் அக்கா மகள் ஐம்பது வயதுப் பிரசங்கியார் ஒருவரைப் ‘பாப்பா’ என்று கூப்பிட ஆரம்பித்தபோது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சபையில் அப்பாவுக்கு அதுதான் பெயராம். சிரித்தது முதல் தப்பு. தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்களுக்குத் தெரிந்த இன்னும் இரண்டு வீடுகளிலும் இதே கதை என்பதால், பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

மதம் மாறுவது வேறு, இது வேறு. எங்கள் தெருவில் பாதி வீடு சர்ச்சுக்குப் போகிறது. ஆடிக் கஞ்சியை வேண்டாம் என்பார்கள், உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார்கள். அதில் ஒரு வம்பும் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது பணம், போன், தூக்கம், படுக்கை எங்கே என்பது. எங்கள் பெண் உதவித்தொகையில் பாதியை ‘விதை’ என்று காணிக்கையாகக் கொடுத்தாள். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டாள். ராத்திரி முழுக்க ஜெபம், பகலில் கல்லூரியில் தூக்கம். அப்புறம் அவர் வாடகைக்கு எடுத்த வீட்டில் மற்றப் பெண்களோடு தங்கப் போனாள். ஐடி கார்டும் பேங்க் கார்டும் ‘பத்திரமாக’ அங்கே வேறொருத்தியிடம். கார்டு கைமாறியது தெரிந்தால் ஒரு நாள்கூடச் சும்மா இருக்காதீர்கள்.

அக்கா செய்ததைச் செய்யாதீர்கள். புரட்டாசிச் சனிக்கிழமை, விளக்கேற்றும் நேரம். “விளக்கைத் தொடாதவள் என் வீட்டுச் சோற்றையும் தொடாதே” என்று கத்தினாள். பெண் செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான், நாலு மாதம் வரவில்லை. வீட்டார்தான் முதல் எதிரி என்று அந்த ஆள் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அதை நாங்களே மெய்யாக்கிக் கொடுத்தோம்.

புது நம்பரை அவள் தோழியிடம் வாங்கி, வாரம் ஒரே ஒரு செய்தி அனுப்பினேன். சாமி, அந்த ஆள், ‘எப்போ வருவே’ எதுவும் கிடையாது. எங்கள் கூரைத் தகரத்துக்கு அடியில் மைனா கூடு கட்டியிருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்புவேன், அவ்வளவுதான். இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. ஆறாவது வாரம் வந்தது: “குஞ்சு பறந்துடுச்சா சித்தி?” அதற்கும் “நேத்துதான்” என்று மட்டும் எழுதினேன். கை துறுதுறுத்தது, உண்மைதான்.

இதற்கிடையில் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, தொகை, அந்த வீட்டு முகவரி, அவள் சொன்ன வார்த்தை அப்படியே. சபைப் பெண்களைப் பாலியல் வன்முறை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட பாஸ்டர் ஒமோட்டோசோவின் வழக்கு ஞாபகம் இருக்கும். 2017இல் கைதானார், 2018 அக்டோபரில் செரில் சோண்டி என்ற இளம்பெண் முகத்தை மறைக்காமல் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னதை நாடே டிவியில் பார்த்தது. 2025 ஏப்ரலில், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. எது நடந்தாலும் கோர்ட்டுக்கு எழுத்தும் தேதியும் வேண்டும்.

போலீஸ்? நாங்கள் போன ஸ்டேஷனில், 24 மணி நேரம் கழித்து வாருங்கள் என்றார்கள். அப்படி ஒரு விதியே இல்லை. ஆளைக் காணோம் என்றால் அப்போதே எழுதிக்கொள்ள வேண்டும், நகராமல் நில்லுங்கள். இருக்கும் இடம் தெரிந்து, 18 வயதும் முடிந்திருந்தால் இழுத்து வர முடியாது. ஆனால் பூட்டி வைத்தாலோ மேலே கை வைத்தாலோ குற்றம்தான். பெண்கள் மீதான வன்முறைக்கு 0800 428 428, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். 18க்குக் கீழே என்றால் சைல்ட்லைன், 116.

அவள் ஒரு செவ்வாய்க்கிழமை பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றாள். ஏன், எப்படி, யார் எதுவும் கேட்காதீர்கள். நாங்கள் பருப்பும் சோறும் போட்டோம், இரண்டு நாள் தூங்கினாள். கார்டை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினால் மட்டும் விடாதீர்கள். உள்துறை அலுவலகத்தில் 140 ராண்ட் கட்டினால் புது ஐடி கிடைக்கும். பழைய பேங்க் கார்டை அன்றைக்கே நிறுத்திவிடலாம். அவள் போன் அடித்துக்கொண்டே இருக்கும். சத்தத்தைக் குறைத்து டிராயரில் வையுங்கள், ஒரு செய்தியையும் அழிக்க வேண்டாம்.