கிராஸ்போ இடப்பக்கமா இழுத்துச்சு, நான் சரி பண்ணது இப்படித்தான்

அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல செப்டம்பர் கடைசில ஆர்ச்செரி (வில்-அம்பு வேட்டை) சீசன் தொடங்கும், மான் வேட்டைக்கு கிராஸ்போவும் (துப்பாக்கி மாதிரி கட்டைல படுக்கையா மாட்டின வில்லு, ட்ரிகர் அழுத்தினா அம்பு போகும்) ஓகே. எனக்கு வந்த பிரச்சனை என்னன்னா 30 யார்டுல அம்பு சில நேரம் நடுவுல, சில நேரம் ஒரு கை அகலம் இடப்பக்கம். ஸ்கோப்ப திருகித் திருகி ஒண்ணும் நடக்கல. கடைசில பாத்தா நாண் கையால இழுக்கும்போது ஒருபக்கம் கொஞ்சம் கூட வந்துட்டு இருந்துச்சு, ரெயிலுக்கு (அம்பு உக்கார்ற நடுப்பள்ளம்) ரெண்டு பக்கமும் நாண்ல மார்க்கர்ல கோடு போட்டு, கயிறு வச்ச காக்கர்ல (நாண ரெண்டு பக்கமும் சமமா இழுக்கற கருவி) இழுக்க ஆரம்பிச்சேன், அவ்ளோதான், குரூப் சுருங்கிடுச்சு, அதாவது அம்பெல்லாம் கிட்டக்கிட்ட விழ ஆரம்பிச்சுது.

அப்புறம் வேட்டைக்குப் போடற பிராட்ஹெட்டோடயே (பிளேடு வச்ச அம்பு முனை) அடிச்சுப் பாக்கணும், ஃபீல்டு பாயின்ட் (பழகறதுக்குப் போடற சாதா முனை) விழற இடத்துல அது விழும்னு நம்பாதீங்க. பெஞ்சுல சாய்ஞ்சு அடிக்கறத விட உட்காந்து, ஜாக்கெட் போட்டு, அன்னிக்கு முதல் அம்பு எங்க விழுதுங்கறதுதான் கணக்கு.

தூரம்? எனக்கு 30 யார்டு, அதுக்கு மேல இருந்தா அடிக்காம விட்டுடுவேன். வினாடிக்கு 350 அடி வேக அம்பு 50 யார்டு போக 0.43 வினாடி ஆகும், சத்தம் 0.13லயே போய்ச் சேந்துடும், நடுவுல இருக்கற 0.3 வினாடில வெள்ளைவால் மான் குனிஞ்சு பாய ரெடி ஆயிடும், நெஞ்சுல நுரையீரல் பக்கம் நமக்கு இருக்கற இடமே 8 இஞ்ச் சுமார்தான். டார்கெட் அட்டை குனியாது பாருங்க. கிராஸ்போ எவ்ளோ வேகம்னாலும் இதுதான்.

வேட்டை முடிஞ்சதும் இழுத்து வச்ச நாண இறக்க அம்பு இல்லாம ட்ரிகர் அழுத்தாதீங்க, லிம்ப் (வில்லோட வளையற கை) உடைஞ்சுடும், ஒரு பழைய அம்ப டார்கெட்ல அடிச்சு இறக்கிடுங்க.