மடிக்கணினிக்குக் கூடுதல் வாரண்டி: பணம் கட்டும் முன்

மடிக்கணினிக்குப் பில் போடும் நேரத்தில், "இன்னும் கொஞ்சம் கட்டினால் 3 வருடம் கவலை இல்லை" என்று கடைக்காரர் சொல்லும்போது, அந்த வாரண்டியைத் தருவது கணினியைத் தயாரித்த நிறுவனமா, வேறொரு நிறுவனமா என்பதை முதலில் கேளுங்கள். தயாரிப்பு நிறுவனமே தருவதென்றால் அன்றே முடிவெடுக்க வேண்டியதில்லை. முதல் ஓராண்டு வாரண்டி முடிவதற்குள் அதன் இணையதளத்தில் சீரியல் எண்ணைக் கொடுத்து வாங்கிக்கொள்ளப் பெரும்பாலும் வழி உண்டு.

அடுத்து, எவற்றுக்கெல்லாம் பொருந்தாது என்ற பகுதியை நிதானமாகப் படியுங்கள். என் கணினியின் கீல் இரண்டாம் ஆண்டில் விரிசல் விட்டபோது, கூடுதல் வாரண்டி இருந்தும், கீழே விழுந்ததால் ஏற்பட்ட சேதம் என்று எழுதிச் சேவை மையத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கீழே விழுதல், விசைப்பலகையில் தேநீர் சிந்துதல் போன்றவற்றுக்கு விபத்துச் சேதப் பாதுகாப்பு என்று தனித் திட்டம் உண்டு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதுவே முக்கியம் என்பது என் கருத்து. பேட்டரிக்கு, 3 ஆண்டுத் திட்டத்திலும் பல நேரங்களில் ஓராண்டுதான்.

மதர்போர்டும் (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை) திரையும் பழுதானால்தான் செலவு கையைக் கடிக்கும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் (தற்காலிக நினைவகம்) மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், ரேம் கெட்டாலும் போர்டையே மாற்றச் சொல்வார்கள். அத்தகைய கணினிக்கு, கட்டணம் விலையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நான் வாங்குவேன். பாகங்களை வாங்கிச் சேர்த்த மேசைக்கணினிக்கு இது தேவையில்லை. எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 3 அல்லது 5 ஆண்டு வாரண்டி ஏற்கெனவே இருக்கும், பில்களைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.