அமெரிக்க நாடாளுமன்றச் செய்திகளைப் படிக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

'எச்-1பி விசாவுக்குச் சிக்கல், அமெரிக்காவில் மசோதா தாக்கல்' என்ற மாதிரி ஒரு தலைப்பு வந்தால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அன்று முழுக்க அதே பேச்சுதான். பெரும்பாலும் அவ்வளவு பதற்றம் தேவையே இல்லை. இந்தியாவில் ஒரு அமைச்சர் மசோதா தாக்கல் செய்தால், பின்னால் ஆளுங்கட்சியின் பெரும்பான்மை நிற்கிறது, எப்படியும் நிறைவேறிவிடும் என்று கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கு வாஷிங்டனில் செல்லாது. அங்கே அமைச்சர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களே அல்ல. பிரதிநிதிகள் சபையின் 435 பேரிலும் செனட்டின் 100 பேரிலும் யார் வேண்டுமானாலும் மசோதா கொண்டுவரலாம். இரண்டு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் குவியும். மசோதாவை ஆராயும் நாடாளுமன்றக் குழுவின் தலைவர் எடுத்துப் பேசாவிட்டால் அங்கேயே கிடந்து மடியும். பெரும்பாலானவற்றின் கதி அதுதான்.

சரி, ஒரு சபையில் நிறைவேறிவிட்டது என்றால்? அப்போதும் இனிப்பு வாங்க வேண்டாம். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பு இந்தியர்களை ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறது. அதை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று நிறைவேறியது. இரண்டு கட்சிக்காரர்களும் ஆதரித்தார்கள். 2020 டிசம்பரில் செனட்டும் தன் பங்குக்கு ஒரு மசோதாவை எதிர்ப்பில்லாமல் நிறைவேற்றியது. ஆனால் இரண்டின் வாசகமும் வேறு வேறு. ஒரே வாசகம், ஒரு சொல்கூட மாறாமல், இரு சபைகளையும் தாண்டினால்தான் அதிபரிடம் போகும். நம்மிடம் இருப்பதுபோல் கூட்டுக் கூட்டம் நடத்தி முட்டுக்கட்டையை உடைக்கும் ஏற்பாடும் அங்கே இல்லை. வேறுபாடுகளைச் சரிசெய்வதற்குள் 2021 ஜனவரி 3 வந்துவிட்டது. இரு சபைகளும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர்தான் காங்கிரஸ். அதன் இரண்டாண்டு ஆயுள் முடிந்தால் நிலுவையில் உள்ள மசோதாக்களும் அதோடு முடியும். புதிய காங்கிரஸில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்த தவறு, செனட்டில் 51 இடம் கிடைத்துவிட்டால் நினைத்ததைச் சாதிக்கலாம் என்று எண்ணுவது. வாக்கெடுப்புக்கு 51 போதும். ஆனால் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு வரவே 60 பேர் வேண்டும். அந்த 60 கிடைக்காமல் இழுத்தடிப்பதுதான் ஃபிலிபஸ்டர். 1957-ல் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசியதைப் படித்தவர்கள், இன்றும் யாராவது விடிய விடிய நின்று பேச வேண்டும் என்று நினைக்கிறார்கள். இப்போது அவ்வளவு சிரமம் இல்லை. 60 பேர் சேரமாட்டார்கள் என்று தெரிந்தாலே மசோதா முடங்கிவிடும். இது அரசியல் சாசனத்தில் உள்ள விதியும் அல்ல. செனட் தனக்குத்தானே வைத்துக்கொண்டது. அதனால்தான் அதைத் தளர்த்தவும் முடிந்தது. 2013-ல் அதிபரின் பெரும்பாலான நியமனங்களுக்கும், 2017-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் விலக்கு வந்தது. வரவு செலவு சார்ந்தவற்றுக்கு 'ரீகன்சிலியேஷன்' என்ற தனிப் பாதை உண்டு, அதில் 51 போதும். 2022-ல் பைடனின் பருவநிலை, மருந்து விலைச் சட்டம் அந்தப் பாதையில்தான் வந்தது. செனட்டில் 50-50. துணை அதிபர் கமலா ஹாரிஸ் வாக்களித்து முடித்துவைத்தார். நம் துணைக் குடியரசுத் தலைவர் மாநிலங்களவையை நடத்துவதுபோல் அங்குள்ள துணை அதிபர் தினமும் சபையை நடத்துவதில்லை. சமநிலை வந்தால்தான் அவருக்கு வாக்கு. ஹாரிஸ் 33 முறை அப்படி வாக்களித்தார். வேறு எந்தத் துணை அதிபரும் அத்தனை முறை வாக்களித்ததில்லை.

இடங்களை எண்ணி முடிவைக் கணிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. கட்சித் தாவல் தடைச் சட்டம் அங்கே கிடையாது. கொறடா உண்டு, ஆனால் மீறினால் பதவி போகாது. 2017 ஜூலையில் ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ரத்து செய்யக் குடியரசுக் கட்சி எடுத்த முயற்சி செனட்டில் 49-51 என்று தோற்றது. தோற்கடித்த மூன்று குடியரசுக் கட்சியினரில் ஜான் மெக்கெய்னும் ஒருவர். 2023 அக்டோபரில் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியையே சொந்தக் கட்சியின் 8 பேர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து 216-210 என்று இறக்கினார்கள். அங்குள்ள சபாநாயகர் நடுநிலையாளர் அல்ல, சபையில் தன் கட்சியின் தலைவர். ஆனால் அவர் விழுந்தால் ஆட்சி கவிழும் என்று நினைத்துவிடக் கூடாது. அதிபர் பாட்டுக்கு அதிபராக இருப்பார்.

அதிபரையே நீக்கும் விவகாரத்தில்தான் நம் ஊடகங்கள் அதிகம் தடுமாறுகின்றன. இம்பீச்மென்ட் என்பது குற்றச்சாட்டு மட்டுமே. பிரதிநிதிகள் சபையில் சாதாரணப் பெரும்பான்மை இருந்தால் அதைச் சுமத்திவிடலாம். நீக்க வேண்டுமானால் செனட்டில் விசாரணை நடந்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழ வேண்டும். 1868-ல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே வாக்கில் தப்பினார். கிளிண்டனும் தப்பினார். டிரம்ப் இரண்டு முறை. 2021-ல் 57-43 என்று பெரும்பான்மை எதிராக இருந்தும் விடுவிக்கப்பட்டார். நிக்ஸன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சபை வாக்களிக்கும் முன்பே 1974-ல் ராஜினாமா செய்துவிட்டார்.

அதிபர் கையெழுத்துப் போடாவிட்டால் மசோதா செத்தது என்பதும் பாதிதான் சரி. ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள் அவர் பேசாமல் வைத்திருந்தால் அது தானாகவே சட்டமாகும். அதற்குள் காங்கிரஸ் தன் கூட்டத்தை முடித்துக்கொண்டு போயிருந்தால் மட்டுமே சாகும். வெளிப்படையாக நிராகரித்து வீட்டோ செய்தாலும், இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் அவரை மீறலாம். 2020 டிசம்பரில் டிரம்ப் தடுத்த பாதுகாப்பு மசோதா, 2021 ஜனவரி 1 அன்று செனட்டின் 81-13 வாக்குகளோடு அப்படித்தான் சட்டமானது.