உச்சந்தலைக் கட்டி ஸ்லைடில் வந்தால் படிக்கும் முறை

பயாப்சி ஜாடியோடு வரும் தாளில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "குழந்தை, தலையில் கட்டி, செபேஷியஸ் சிஸ்ட்." அதாவது தோலடியில் வரும் சாதாரணப் பைக்கட்டி. கைக்குழந்தைக்கு செபேஷியஸ் சிஸ்ட் என்று எழுதியிருந்தால் நான் மைக்ராஸ்கோப்பைத் தொடுவதற்கு முன் போனை எடுத்துவிடுவேன். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் முதலில் சொல்வது இதைத்தான். கட்டி பிறந்ததிலிருந்தே இருக்கிறதா? நடுக்கோட்டிலா, ஓரத்திலா? அதன் மேல் முடி இல்லாமல் வழுக்கையாக இருந்து, சுற்றிலும் மட்டும் கறுத்து அடர்ந்த முடி வளையம் போல நிற்கிறதா? அறுத்தபோது கீழே எலும்பை நோக்கி நார் மாதிரி ஏதாவது போனதா, தெளிவான நீர் கசிந்ததா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த முடி வளையத்தை மட்டும் யாரும் தாளில் எழுதுவதே இல்லை. கேட்டால்தான் "ஆமாம், இருந்தது" என்பார்கள்.

எதற்கு இவ்வளவு விசாரணை என்றால், தோலில் மெனிஞ்சியோமா (மூளை உறைச் செல்களின் கட்டி) என்று பழைய பாடநூல்கள் சொல்லும் கட்டிகளில் பிறவியிலேயே இருப்பவை உண்மையில் புற்றுக்கட்டி வகையே அல்ல. முழுதாக உருவாகாமல் நின்றுபோன மெனிஞ்சோசீலின் மிச்சம் அவை, அதாவது ரூடிமென்டரி மெனிஞ்சோசீல். கரு உருவாகி நாலாவது வாரம் முடிவதற்குள் நரம்புக் குழாய் மூடிக்கொண்டு மேல்தோலிலிருந்து பிரிந்துவிட வேண்டும். அதில் கோளாறு நேர்ந்தால் எலும்பின் இடைவெளி வழியாக மூளை உறை பிதுங்கி, நீர் நிறைந்த பையாகத் தோலுக்கடியில் நிற்கும். அதுதான் மெனிஞ்சோசீல். மூளைத் திசுவும் சேர்ந்து வந்தால் என்செஃபலோசீல். சில கருக்களில் பிறகு எலும்பு மூடிக்கொள்கிறது. சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தது போலப் பையின் கழுத்து இறுகிவிடுகிறது. நீர் வடிந்து பை சுருங்கிப்போகும். தோலில் எஞ்சுவது மூளை உறையைச் சேர்ந்த அராக்னாய்டு செல்கள் கொஞ்சம், உள்ளே போகும் நார் ஒன்று. சில சமயம் அந்த நாரும் இருக்காது.

இது வெறும் ஊகம் இல்லை. இந்தப் பிறவிக் கட்டியும் மெனிஞ்சோசீலும் வரும் இடங்கள் ஒன்றே: தலையின் நடுக்கோடு, அதிலும் பின்தலை, அப்புறம் நெற்றி, முதுகெலும்பை ஒட்டிய பகுதி. இரண்டும் பிறவியிலேயே இருப்பவை. சந்தேகமே இல்லாத மெனிஞ்சோசீலின் பையை அறுத்து ஸ்லைடு போட்டுப் பாருங்கள், அதன் சுவரிலும் இதே அமைப்பு தெரியும்.

சரி, ஸ்லைடுக்கு வருவோம். முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் வையுங்கள். டெர்மிஸிலும் (தோலின் உள்ளடுக்கு) அதன் கீழுள்ள கொழுப்பிலும் எல்லை தெரியாத ஒரு குழப்பம் இருக்கும். தடித்த கொலாஜன் (நார்ப்புரதம்) கற்றைகள், அவற்றுக்கிடையே கிளைத்துக் கிளைத்து ஓடும் மெல்லிய பிளவுகள், அந்தப் பிளவுகளை விளிம்புகட்டி நிற்கும் தட்டையான செல்கள். பார்த்த உடனே ரத்தக்குழாய்க் கட்டி என்று தோன்றும். பயந்த சுபாவக்காரருக்கு ரத்தக்குழாய்ப் புற்றான ஆஞ்சியோசார்கோமா என்றே தோன்றும். அவசரப்படாதீர்கள். தலைத்தோல் ஆஞ்சியோசார்கோமா முதியவர்களின் நோய். இங்கே பிளவுகளுக்குள் சிவப்பணு இருக்காது. உட்கருக்கள் சாதுவாக இருக்கும், மைட்டோசிஸ் (செல் பிரியும் அடையாளம்) தேடினாலும் கிடைக்காது.

அடுத்து, ஆழமான பகுதிக்குப் போங்கள். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நிறுத்துகிறவர்கள் தவறவிடும் இடம் அதுதான். கொழுப்பை ஒட்டி, வெளிர் இளஞ்சிவப்பு சைட்டோபிளாசமும் முட்டை வடிவ உட்கருவும் கொண்ட செல்கள் சிறு சிறு கூட்டமாகத் தங்கியிருக்கும். செல்லுக்கும் செல்லுக்கும் இடையே எல்லைக்கோடு சரியாகத் தெரியாது. சில இடங்களில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு சுழிபோல இருக்கும். பக்கத்தில் அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு படிந்த ஊதா உருண்டை, அதாவது சாமோமா உடல், ஒன்று கண்ணில் பட்டாலும் போதும், மனசு நிம்மதியாகும். அது இல்லை என்றால் கொலாஜன் உருண்டைகளைத் தேடுங்கள்: நடுவில் இளஞ்சிவப்புக் கொலாஜன் திரள், சுற்றி அதை அணைத்தபடி ஒரு வரிசை செல்கள். ஒரு வெட்டில் கிடைக்காவிட்டால் பிளாக்கை இன்னும் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். மூளையின் தாங்கு திசுவான கிளையல் திசு தென்பட்டால் விஷயம் என்செஃபலோசீல் பக்கம் போகிறது, அதைக் காட்டும் ஜி.எஃப்.ஏ.பி. சாயம் போட்டு உறுதிசெய்யலாம்.

செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் சாயங்களில், இ.எம்.ஏ. இந்த அராக்னாய்டு செல்களில் பாசிட்டிவ் ஆகும். ஆனால் செல்லின் விளிம்பில் மெலிதாகத்தான் பிடிக்கும், ஆகவே உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். எஸ்.எஸ்.டி.ஆர். 2ஏ கிடைக்கும் லேப் என்றால் யோசிக்காமல் போடுங்கள், அது தெளிவாகப் பேசும். ரத்தக்குழாய்ச் செல்களைக் காட்டும் சி.டி. 31, ஈ.ஆர்.ஜி. இரண்டும் அந்தச் செல்களில் நெகட்டிவ். ரத்தக்குழாய்ச் சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. சி.டி. 34-ஐ மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம், சுற்றியுள்ள ஸ்ட்ரோமா (தாங்கு திசு) பிடித்துக்கொண்டு குழப்பும்.

பெரியவர்களிடம் கதை வேறு. 1974-இல் லோபஸ், சில்வர்ஸ், ஹெல்விக் மூவரும் தோல் மெனிஞ்சியோமாவை மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகைதான் நாம் இதுவரை பேசிய பிறவிக் கட்டி. இரண்டாவது, கண், காது, மூக்கு, வாய் அருகே, மண்டை நரம்புகள் வெளியே வரும் வழியில் முளைப்பது. மூன்றாவது, மண்டைக்குள் இருக்கும் மெனிஞ்சியோமா எலும்பைத் தாண்டியோ, பழைய ஆபரேஷன் தழும்பு வழியாகவோ தோலுக்கு வருவது, அல்லது அபூர்வமாகப் பரவி வருவது. பின்னிரண்டும் நிஜமான கட்டிகள். வயது வந்தவரின் தலைத்தோலில் மெனிஞ்சியோமா என்றால், உள்ளே ஸ்கேன் பார்க்கும்வரை மூன்றாவது வகை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ரிப்போர்ட் எழுதும்போது, குழந்தைக்கு வெறுமனே "மெனிஞ்சியோமா" என்று எழுதி விடாதீர்கள். பெற்றோர் புற்றுநோய் டாக்டரைத் தேடி ஓடுவார்கள். உள்ளே நார் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவரோ, கட்டிதான் எடுத்தாயிற்றே என்று இருந்துவிடுவார். "ரூடிமென்டரி மெனிஞ்சோசீல், பிறவிக் கோளாறு, தீங்கற்றது" என்று எழுதி, ஆழ விளிம்பில் திசு எஞ்சியிருக்கிறதா என்பதையும் சேர்த்து, கீழே ஒரு குறிப்பாக, மண்டைக்குள் தொடர்பு உண்டா என்று எம்.ஆர்.ஐ. பார்க்கச் சொல்லுங்கள். முழுதாக எடுத்துவிட்டு உள்தொடர்பும் இல்லையென்றால் வேறு சிகிச்சை தேவையில்லை.

எம்.ஆர்.ஐ. அறுவைக்கு முன்பே நடந்திருக்க வேண்டியது என்பது வேறு விஷயம். தோல் டாக்டர்களோடு பேச வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்வேன்: நடுக்கோட்டுக் கட்டியில் ஸ்கேன் இல்லாமல் பஞ்ச் பயாப்சியும் (தோலைத் துளைத்துத் துண்டு எடுப்பது) வேண்டாம், ஊசி போட்டு உறிஞ்சவும் வேண்டாம். தொடர்பு திறந்திருந்தால் மூளை நீர் கசியும், கிருமி உள்ளே போய் மூளைக்காய்ச்சலில் முடியும். குழந்தை அழும்போது கட்டி புடைத்தாலோ, டார்ச் அடித்தால் ஒளி ஊடுருவினாலோ தொடர்பு இருக்கலாம். அப்படி எதுவும் தெரியவில்லை என்பதால் மட்டும் தொடர்பு இல்லை என்று ஆகாது. சுருங்கிப்போன வகையில் இந்த அடையாளங்கள் வராமலே போகும். கைக்குழந்தைக்கு அல்ட்ராசவுண்டில் எலும்பு இடைவெளி தெரியலாம், தொடக்கத்துக்கு அது சரி. நாரும் மூளை உறையும் தெரிய எம்.ஆர்.ஐ.தான் வேண்டும். அதில் நார் உள்ளே போவது தெரிந்தால் கேஸ் நரம்பியல் சர்ஜனுக்குப் போகட்டும்.