மெர்சேன் எண் பகா எண்தானா என்று கையால் சோதிப்பது எப்படி?

2-இன் ஏதேனும் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது மெர்சேன் எண். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட மாபெரும் பகா எண்ணும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதன் அடுக்கு 13,62,79,841. அவ்வளவு பெரிய எண்ணை ஒவ்வொரு சிறிய எண்ணாலும் வகுத்துப் பார்ப்பது எந்தக் கணினியாலும் ஆகாத காரியம். ஆயினும், காரணியே தேடாமல் விடை சொல்லும் லூக்காஸ்–லேமர் சோதனையைச் சிறிய எண்களில் தாளும் பேனாவும் கொண்டு நாமே செய்து பார்க்கலாம்.

முதலில் அடுக்கைக் கவனியுங்கள். அது பகு எண்ணானால் மெர்சேன் எண்ணும் பகு எண்ணே, சோதனைக்கு வேலையில்லை. ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்துவிட்டால் மட்டும் போதாது: அடுக்கு 11 தருகிற 2047 என்பது 23 × 89.

அடுக்கு 3 அல்லது அதற்கு மேற்பட்ட பகா எண் என்றால், 4-இல் தொடங்குங்கள். அதை வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, மெர்சேன் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு அதையே மீண்டும் வர்க்கப்படுத்துங்கள். இப்படி, அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்ய வேண்டும். கடைசி மீதி 0 என்றால் அது பகா எண். வேறு எதுவாயினும் பகு எண்.

அடுக்கு 7-ஐ எடுத்துக்கொள்வோம். எண் 127, படிகள் ஐந்து. முதற்படியில் 14, இரண்டாவதில் 194, அதன் மீதி 67. 67-இன் வர்க்கம் 4489, 2 போக 4487. இங்கேதான் இம்முறையின் அழகு தெரிகிறது: 127-ஆல் வகுக்கத் தேவையே இல்லை. 128-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், 4487-ஐ 35 × 128 + 7 என்று பிரித்து, 35-ஐயும் 7-ஐயும் கூட்டினால் 42 வந்துவிடுகிறது. கணினிக்கு 128 போன்ற எண்களால் பிரிப்பது இலக்கங்களை வெட்டி எடுப்பது போல எளிது. மாபெரும் பகா எண்களை மெர்சேன் எண்களிடையே தேடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நான்காம் படியில் 1762 என்பது 13 × 128 + 98, ஆகவே 111. ஐந்தாம் படியில் 12319 என்பது 96 × 128 + 31; கூட்டினால் 127, அதாவது மீதி 0. 127 பகா எண்.

1876-இல் எதுவார் லூக்காஸ் இம்முறையின் முன்னோடி வடிவத்தால், 39 இலக்கங்கள் கொண்ட, அடுக்கு 127 உடைய எண்ணைப் பகா எண் என்று நிறுவினார். கணினி இல்லாத காலத்து உழைப்பு அது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஒரு எச்சரிக்கை. இடையில் ஓரிடத்தில் பிழை நேர்ந்தாலும் அது கடைசிவரை தொடரும். ஆகவே 0 வராதபோது, முடிவு சொல்லுமுன் முதலிலிருந்து இன்னொரு முறை செய்து பாருங்கள். 2047-க்குச் சரியான கடைசி மீதி 1736. அது பகு எண் என்று மட்டும் தெரியவரும், 23-உம் 89-உம் தெரியவராது.

அடுத்து, அடுக்கு 13-க்கு உரிய 8191-ஐ எடுத்து, 8192-ஆல் பிரித்துக் கூட்டிப் பாருங்கள். ஏழாம் படியில் 36-உம் பத்தாம் படியில் 128-உம் வந்தால் கணக்கு சரியாகப் போகிறது. 128-இன் வர்க்கத்தில் 2 போக 16382, அது 8191-இன் சரியான இரு மடங்கு.