பழைய ஓட்டல், புது அறை: ஜெர்மனியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வ்யூர்ட்ஸ்பர்க்கிலிருந்து ஃப்யூசன் வரை போகும் 'ரொமாண்டிக் சாலை' 1950-ல் சுற்றுலாவுக்காக வைத்த பெயர். அதன் வழியில் ரோத்தன்பர்க், டிங்கெல்ஸ்ப்யூல் போன்ற மதில் சூழ்ந்த ஊர்களில் பழைய மரச்சட்ட வீடுகள் பல இன்று ஓட்டல்களாக இருக்கின்றன. பகலில் வந்த கூட்டம் பேருந்தேறிப் போன பிறகுதான் அந்தத் தெருக்களின் அழகே தெரியும். ஆகவே ராத்தங்குவது நல்ல முடிவுதான். சொதப்பல் அறை பிடிக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

எந்தக் கட்டடம் என்று கேட்காமல் பணம் கட்டுவது

புதிதாகப் போகிறவர்கள் திரும்பத் திரும்ப இதில்தான் மாட்டுகிறார்கள். பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் ஒரே ஒரு கேள்வியில் தவிர்த்துவிடலாம்.

பழைய வீட்டில் அறைகள் குறைவு. நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் நினைத்தபடி சுவரை இடித்துப் பெருக்கவும் முடியாது. அதனால் உரிமையாளர் பக்கத்து வீட்டை வாங்குவார், அல்லது பின்புறம் புதிதாகக் கட்டுவார். பெயர், வரவேற்பறை, காலை உணவுக்கூடம் எல்லாம் ஒன்றுதான். இணையத்தில் முதல் படம் திரைகட்டிய நான்கு தூண் கட்டில். மிகக் குறைந்த விலையுள்ள 'ஸ்டாண்டர்ட் டபுள்' பல இடங்களில் அந்தப் புதுக் கட்டடத்தில்.

திருமண நாளுக்கென்று வரும் தம்பதி சாவியை வாங்குகிறார்கள். வரவேற்பாளர் எதிர்த்தெருக் கதவைக் கை காட்டுகிறார். உள்ளே வெள்ளைச் சுவர், ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். ஏமாற்றினார்கள் என்று சொல்லவும் வழியில்லை, அறை விவரத்தில் எழுதித்தான் இருக்கும். இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் திருப்பலாம் என்ற ஐரோப்பிய விதி, தேதி குறித்துப் பதிவு செய்த ஓட்டல் அறைக்குப் பொருந்தாது. 'பணம் திரும்பாது' என்ற கட்டணத்தில் எடுத்திருந்தால் போனது போனதுதான்.

எனவே ஓட்டலின் பொதுப் படங்களை விடுங்கள், அறை வகையின் விவரத்தைப் படியுங்கள். 'ஹௌப்ட்ஹௌஸ்' என்றால் மூலக் கட்டடம். 'கெஸ்டெஹௌஸ்', 'நேபன்ஹௌஸ்', 'டெபெண்டன்ஸ்', 'நொய்பௌ' என்று கண்டால் வேறு கட்டடம். எதுவும் எழுதவில்லையா? பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் மூன்றே கேள்வி: அறை ஹௌப்ட்ஹௌஸில் உள்ளதா, எந்த மாடி, ஜன்னல் எந்தப் பக்கம். பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

முகவரி பழைய நகருக்குள் இருப்பதை மட்டும் நம்பவும் வேண்டாம். ரோத்தன்பர்க்கின் கிழக்குப் பகுதி 1945 மார்ச் 31 குண்டுவீச்சில் அழிந்து, பிறகு எழுப்பியது.

புதுக் கட்டடமே பிடிக்கும் என்றால் தாராளமாக எடுங்கள். லிஃப்ட் இருக்க வாய்ப்பு அதிகம், தரையும் கிறீச்சிடாது.

லிஃப்ட்

இல்லை என்றே வைத்துக்கொண்டு பெட்டி கட்டுங்கள்.

ராத்திரி வந்து சேர்வது

சிறிய ஓட்டல்களில் வரவேற்பறை இரவு முழுக்கத் திறந்திருக்காது. தாமதமானால் முன்பே சொல்லி, சாவிப்பெட்டியின் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். ரோத்தன்பர்க்குக்கு ரயிலில் போகிறவர்கள் ஷ்டைனாக்கில் மாற வேண்டும். கிளைப் பாதையில் கால் மணி நேரப் பயணம்தான், ஆனால் இணைப்பைத் தவறவிட்டால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருப்பு. நிலையம் மதிலுக்கு வெளியே. உள்ளே கருங்கல் பாவிய தெரு, பெட்டிச் சக்கரம் பாடாய்ப் படும். சமையலறை எட்டரை, ஒன்பதுக்கே மூடிவிடலாம். 'ரூஹெடாக்' என்ற வார விடுமுறை நாளில் உணவகமே இருக்காது.

விழா நாள்

ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தகோஸ்தே வார இறுதியில் ரோத்தன்பர்க்கில் ஊரின் பழங்கதையை நடித்துக் காட்டும் மைஸ்டர்ட்ருங்க் விழா. மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள், இல்லையேல் வேறு ஊர்.

கட்டில்

ஜெர்மன் இரட்டைக் கட்டிலில் பெரும்பாலும் 90 செ.மீ. மெத்தை இரண்டு, நடுவே பிளவு, போர்வை ஆளுக்கொன்று. புகார் செய்து பயனில்லை, வழக்கமே அதுதான். ஒரே மெத்தை வேண்டுமானால் 'ஃபிரான்சோசிஷஸ் பெட்' என்று கேளுங்கள். அது 140 செ.மீ. அகலம்தான் இருக்கும், இருவருக்கு நெருக்கம்.

வெப்பம்

ஏசி அரிது. கோடையில் கூரையடி அறையைத் தவிருங்கள். பகலில் ஜன்னலை மூடி, இரவில் திறங்கள். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் குமிழை 3-ல் வைத்தால் ஏறத்தாழ 20 டிகிரி. 5-க்குத் திருப்பினால் சீக்கிரம் சூடாகாது, 28 டிகிரி வரும்வரை நிற்காமல் எரியும்.